ஒரு வெள்ளியில் ஐந்து காசு



ஆண்டுதோறும் நாட்டின் வரவு செலவுத் திட்டம் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்டதும் எங்கள் ஆசிரியர் அறையில் எழும் முதற்கேள்வி ஒன்றே. "தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு?" பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் அதையே கேட்பர். நம் நாளேடுகளும் அதையே தலைப்பாக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அதை மட்டுமே கேட்டு வந்தவள்தான். ஆகவே பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை.

2024 அக்டோபர் 18ஆம் நாள், 2025ஆம் ஆண்டுக்கான திட்டம் தாக்கலானது. மறுவாரம் ஆறாம் ஆண்டு மாணாக்கர்க்குப் பேரெண்களைப் பற்றிய பாடம். பாடநூலில் உள்ள எண்களுக்குப் பதிலாக அந்தத் திட்டத்தில் கண்ட எண்களையே வெண்பலகையில் எழுதினேன். நம் பாடத்திட்டம் பத்து மில்லியனோடு நின்றுவிடுகிறது. நாட்டின் கணக்கோ பில்லியனில் நடக்கிறது. ஆயிரம் மில்லியன் சேர்ந்தால் ஒரு பில்லியன், நம் வழக்கில் அது நூறு கோடி என்று விளக்கினேன். (வீட்டில் தாத்தாவுக்குக் கோடி தெரியும், பேரனுக்குப் பில்லியன் தெரியும், ஒன்றை மற்றொன்றாக மாற்ற இருவருக்கும் தெரியாது. அதைப் பற்றிப் பிறகொரு நாள் எழுதுகிறேன்.)

மொத்தச் செலவு 421 பில்லியன் வெள்ளி. கல்வி அமைச்சுக்கு 64.1 பில்லியன். சுகாதார அமைச்சுக்கு 45.3 பில்லியன். தற்காப்பு அமைச்சுக்கு 21.1 பில்லியன். பிள்ளைகள் வகுத்துப் பார்த்தனர். அரசு செலவிடும் ஒவ்வொரு வெள்ளியிலும் கல்விக்குப் பதினைந்து காசு, தற்காப்புக்கு ஐந்து காசு. முதல் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அந்த அஞ்சு காசுலதான் கப்பல் வாங்குவாங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பணிபுரிவது பேராக் மாநிலத்து மஞ்சோங் மாவட்டத்தில். லுமுட் கடற்படைத் தளமும் அதனையொட்டிய கப்பல் கட்டுந்தளமும் எங்கள் வட்டாரத்தில்தான் உள்ளன. 2019ஆம் ஆண்டில் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தையார் கப்பல் கட்டுமிடத்துக்கு ஆள் அனுப்பும் சிறிய துணைக் குத்தகையாளர் ஒருவரிடம் வெல்டிங் வேலை செய்து வந்தார். ஆண்டின் பிற்பகுதியில் வேலை குறைந்தது. பிறகு சம்பளம் தாமதமானது. பிறகு அதுவும் வரவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த ஆண்டின் இறுதியில் பள்ளி மாற்றுப் படிவத்தைக் கேட்டு என்முன் வந்து நின்றார். ஜொகூர் பாருவுக்குப் போய் அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லப் போவதாகச் சொன்னார். "கப்பல் அப்படியே நிக்குது டீச்சர், இரும்பு இருக்கு, ஆளு இருக்கு, காசு மட்டும் வரல," என்றார். நான் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அது தற்காப்புச் செலவைப் பற்றிய பேச்சு என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு குடும்பத்தின் துன்பம் என்று மட்டுமே எண்ணினேன்.

2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை வெளிவந்தபோதுதான் அந்த இரும்பின் கதை முழுமையாகப் புரிந்தது.

கடற்படைக்காக ஆறு கரையோரப் போர்க்கப்பல்கள் கட்டும் திட்டம் அது. ஏறத்தாழ 9 பில்லியன் வெள்ளி மதிப்பு. திறந்த குத்தகை முறையில் அன்று, நேரடிப் பேச்சுவார்த்தை முறையில் வழங்கப்பட்டு, 2014இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதற்கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டுக்குள் ஐந்து கப்பல்கள் கடற்படையின் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது கால அட்டவணை. அந்நாளில் அரசு கொடுத்து முடித்திருந்த தொகை 6 பில்லியன் வெள்ளிக்கு மேல். வந்து சேர்ந்த கப்பல் ஒன்றுமில்லை. கொடுத்த பணத்தில் 400 மில்லியன் வெள்ளி, அதற்கு முந்திய மற்றொரு கப்பல் திட்டத்தின் பழைய கடனை அடைக்கப் பயன்பட்டது என்றும் அக்குழு எழுதியது.

அந்த முந்திய திட்டமும் லுமுட்டில் நடந்ததுதான். 1998இல் ஒப்பந்தம், மொத்தம் 27 சுற்றுக்காவல் கப்பல்கள் என்னும் பெருங்கனவோடு தொடங்கி, காலதாமதத்திலும் பணச்சிக்கலிலும் மூழ்கி, ஆறு கப்பல்களோடு முடிந்தது. அதன் கடன் அடுத்த திட்டத்தின் தோளில் ஏறியது. வீட்டுப் பாடத்தைச் செய்யாத பிள்ளைக்கு நாம் மறுநாள் இரட்டிப்பாக எழுதச் சொல்வோமே, அந்தக் கணக்கு இங்கே நடக்கவில்லை. பழைய பாடம் முடியாமலேயே புதிய பாடம் கொடுக்கப்பட்டது.

2023இல் அரசு ஒப்பந்தத்தைத் திருத்தியது. ஆறு கப்பல்கள் ஐந்தாகக் குறைந்தன, செலவு 11.2 பில்லியனாக உயர்ந்தது. கப்பல் கட்டும் நிறுவனத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. இதையும் என் மாணாக்கரிடம் கணக்காகவே கொடுத்தேன். ஒன்பதை ஆறால் வகுத்தால் கப்பலொன்றுக்கு 1.5 பில்லியன். 11.2ஐ ஐந்தால் வகுத்தால் 2.24 பில்லியன். "விலை ஏறிடுச்சு, கப்பல் குறைஞ்சிடுச்சு," என்றான் ஒருவன். அதைவிடச் சுருக்கமாக எந்தத் தலையங்கமும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

முதற்கப்பலின் பெயர் மகாராஜா லேலா. பேராக் மாநிலத்தின் முதல் ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதியான பர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட நிகழ்வை வரலாற்றுப் பாடத்தில் நடத்துகிறோமே, அதே மகாராஜா லேலாவின் பெயர்தான். 2017 ஆகஸ்டில் இக்கப்பலுக்குப் பெயர் சூட்டி, நீரில் இறக்கும் விழாவும் நடத்தினார்கள். ஆனால், கப்பல் உண்மையில் நீரில் மிதந்தது 2024 மே மாதத்தில்தான். இடையிலிருந்த ஏறத்தாழ ஏழாண்டு காலம் அது தரையில் நின்றது. ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிடும் காலம் அது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'தற்காப்புக்குப் பணமே கொடுக்கக் கூடாது' என்று நான் வாதிட வருகிறேன் என எண்ணிவிட வேண்டா. என் கருத்து அதற்கு நேர்மாறானது. ஒரு வெள்ளியில் ஐந்து காசு என்பது பெரிய பங்கன்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் நாம் தற்காப்புக்குச் செலவிடுகிறோம். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர், 2025ஆம் நிதியாண்டில் மட்டும் 23.4 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை ஒதுக்கியது. நம் வெள்ளிக்கு மாற்றினால் நாம் ஒதுக்கியதைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அவர்கள் நிலை வேறு. 1967 முதல் ஆண்பிள்ளைகள் அனைவரையும் படைப்பயிற்சிக்கு அழைக்கும் நாடு அது. நாம் அவர்களைப் போலச் செலவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். குறைவாகக் கொடுக்கிறவன் கொடுத்த காசைக் கூர்ந்து பார்க்க வேண்டாவா என்பதுதான் என் கேள்வி.

அந்த ஐந்து காசு எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு நிருவாகச் செலவு. அதாவது சம்பளம், உணவு, சீருடை, எரிபொருள், பழுதுபார்ப்பு. தரைப்படையில் ஏறத்தாழ 80,000 பேர். கடற்படையிலும் வான்படையிலும் தனித்தனியே இருபதாயிரத்துக்கும் குறைவு. கல்வி அமைச்சைப் போலவே இதுவும் பெரும்பகுதி சம்பளம் கொடுக்கிற அமைச்சுதான். எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு மேம்பாட்டுச் செலவு. கப்பல், வானூர்தி, பீரங்கி, கட்டடம், குடியிருப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தச் சிறிய பங்கிலிருந்து பில்லியன் கணக்கில் ஒரு திட்டம் விழுங்கிக்கொண்டு ஒன்றும் தராவிட்டால், வேறெதையும் வாங்க வழியில்லாமல் போய்விடுகிறது.

தரைப்படை இவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1948 முதல் 1960 வரை அவசர காலம். அதன்பின் மீண்டும் தலைதூக்கிய கம்யூனிசக் கிளர்ச்சி 1989இல் ஹாட்ஜாய் உடன்படிக்கையோடுதான் முடிவுக்கு வந்தது. நாற்பதாண்டுக் காலம் நம் போர் காட்டுக்குள் நடந்தது. தோட்டங்களில் வளர்ந்த நம் பெற்றோருக்கு ஊரடங்கும் அரிசிப் பங்கீடும் கதையல்ல, வாழ்க்கை. ஆனால், தீபகற்பத்துக்கும் சபா சரவாக்குக்கும் நடுவே தென்சீனக் கடலே கிடக்கிறது; நமக்குரிய கடற்பரப்பு நம் நிலப்பரப்பைவிடப் பெரிது. 2013இல் லாகாட் டத்துவுக்குள் ஆயுதமேந்தி ஊடுருவியவர்கள் படகில்தான் வந்தார்கள். சிக்கல் கடலுக்குப் பெயர்ந்துவிட்டது. கப்பலோ தரையில் நின்றது.

கப்பல் வராவிட்டால் என்ன ஆகும்? பழைய கப்பல் ஓட வேண்டும். 1979இல் பணியில் சேர்ந்த 'பெண்டேக்கார்' என்னும் தாக்குதல் கலம், 2024 ஆகஸ்டில் ஜொகூர் கடற்பகுதியில் அடிப்பாகம் மோதி நீர் புகுந்து மூழ்கியது. 39 பேரும் உயிரோடு மீட்கப்பட்டனர் என்பதே ஆறுதல். மோதலுக்கு முதுமை காரணம் என்று நான் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதுக் கலத்தை இன்னும் கடலுக்கு அனுப்ப வேண்டிய நிலை ஏன் என்று மட்டுமே கேட்கிறேன்.

அடுத்து, அமைப்பு. அரசமைப்புச் சட்டத்தின்படி ஆயுதப் படைகளின் உச்சத் தலைவர் மாமன்னர். அமைச்சர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருக்குக் கீழே இரண்டு கைகள். ஒரு கை பொதுச்சேவையைச் சேர்ந்தது. தலைமைச் செயலாளர் தலைமையில் பணம், குத்தகை, நிலம் ஆகியவற்றைக் கவனிப்பது. மற்றொரு கை சீருடை அணிந்தது; ஆயுதப் படைத் தலைவரும் அவருக்குக் கீழே முப்படைத் தளபதிகளும். பெரிய கொள்முதல் என்றால் நிதியமைச்சும் உள்ளே வரும். கட்டிக் கொடுப்பது ஒரு நிறுவனம். ஆக, கேட்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர், ஒப்புதல் தருபவர் மற்றொருவர், செய்பவர் இன்னொருவர். கரையோரப் போர்க்கப்பல் விவகாரத்தில் கடற்படை விரும்பிய வடிவமைப்பு ஒன்று. இறுதியில் தேர்வானது வேறு. அன்றைய கடற்படைத் தளபதி பலமுறை கடிதம் எழுதியும் பயனில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அக்கப்பலில் ஏறிக் கடலுக்குப் போகிறவனின் சொல் கடைசியில் நின்றது.

ஆசிரியர்களே, இது நமக்குப் புதிதா? முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் (பெயர் வேண்டா) மண்டபக் கூரை ஒழுகுகிறது என்று மூன்றாண்டு தொடர்ந்து விண்ணப்பித்தோம். வந்து இறங்கியது பெரியதோர் ஒலிபெருக்கித் தொகுதி. மழைக்காலத்தில் அதன்மேல் போர்த்துவதற்கு நெகிழித்தாள் வாங்க ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டு வெள்ளி போட்டோம். பயன்படுத்துகிறவனைக் கேட்காமல் வாங்குவது எங்கும் ஒரே நோய்தான். பள்ளியில் அது ஆயிரங்களில் நடக்கிறது, அங்கே பில்லியன்களில்.

'இராணுவச் செய்தி இரகசியமானது, நாம் கேட்கக் கூடாது' என்னும் அச்சம் நம் பெற்றோரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருப்பதும் உண்மை. கப்பலின் ஏவுகணை எவ்வளவு தொலைவு பாயும், எந்த நாளில் எங்கே சுற்றுக்காவல் நடக்கும் என்பவை இரகசியமாகத்தான் இருக்க வேண்டும். கொடுத்த பணத்துக்குப் பொருள் வந்ததா என்பது எந்த எதிரியிடமிருந்து மறைக்க வேண்டிய செய்தி? இத்திட்டத்தைப் பற்றிய சிறப்பு விசாரணைக் குழுவின் அறிக்கை இரகசியமாகவே கிடந்து, 2022 ஆகஸ்டில்தான் அந்தத் தடை நீக்கப்பட்டு வெளிவந்தது. அதனால் நாடு பாதுகாப்பை இழக்கவில்லை. வேலை மீண்டும் தொடங்க வழி பிறந்தது. 2019 டிசம்பரில் நாட்டின் முதல் தற்காப்பு வெள்ளை அறிக்கை மக்களவையில் வைக்கப்பட்டதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பொதுமக்கள் படிப்பதற்காகவே எழுதப்பட்டது அது.

ஆண்டு மதிப்பீட்டு நூலும் நிதியமைச்சின் இணையத்தளத்தில் பொதுவில்தான் கிடக்கிறது. தற்காப்பு அமைச்சுக்கு உரிய குறியீடு 60. நிருவாகச் செலவுக்கு பி.60, மேம்பாட்டுக்குப் பி என்னும் மற்றோர் எழுத்தோடு அதே எண். (மலாயில் 'பெக்காலான்' ஒன்று, 'பெம்பாங்ஙுனான்' மற்றொன்று. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாகி என்னை வதைக்கின்றன!) மூன்று மாலைப் பொழுது ஒதுக்கி அதைப் புரட்டினேன். எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், நம் பள்ளிகளுக்கான ஒதுக்கீட்டைத் தேடுவதற்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டினால்கூடப் போதும். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பதற்கு இரண்டு நல்ல கேள்விகளாவது கிடைக்கும்.

இதை எழுதும்போது ஒரு தோழி கேட்டார்: "நமக்கு எதற்கடி இந்த வேலை? படையில் நம்மவர் எத்தனை பேர்?" குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். குறைவாக இருப்பதற்கு அமைப்பில் காரணங்கள் உண்டு, நம்மிடமும் உண்டு. என் அனுபவத்தில், தொழில் வழிகாட்டி நாளுக்கு மருத்துவரை அழைப்போம், வழக்கறிஞரை அழைப்போம், பொறியாளரை அழைப்போம். எங்கள் பள்ளியிலிருந்து கடற்படைத் தளம் காரில் அரைமணிக்கும் குறைவான தொலைவு. இத்தனை ஆண்டுகளில் சீருடை அணிந்த ஒருவரை நாங்கள் அழைத்ததில்லை.

ஆனால், 'நம்மவர் எத்தனை பேர்' என்னும் கேள்விக்கு எங்கள் ஊரில் வேறொரு விடையும் இருக்கிறது. 2024 ஏப்ரல் 23ஆம் நாள் காலை ஒன்பதரை மணியளவில் லுமுட் தளத்தில், கடற்படையின் தொண்ணூறாம் ஆண்டு விழா ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் நடுவானில் மோதி வீழ்ந்தன. பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அதிகாரி. அன்று இடைவேளையில் ஆசிரியர்கள் ஒருவர் கைப்பேசியை ஒருவர் பார்த்தபடி நின்றோம். தளத்தில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் எங்கள் பள்ளியிலும் உண்டு. மணியடித்தும் இரண்டு பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் அலுவலகத்து வாசலிலேயே நின்றார்கள். வீட்டிலிருந்து தொலைபேசி வரும்வரை அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு 'அந்த ஐந்து காசு' யாரோ ஒருவருடைய கணக்கு அன்று.

2024 தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல அந்த வெல்டிங் தொழிலாளி ஜொகூரிலிருந்து அழைத்தார். இப்போதும் சிங்கப்பூருக்குத்தான் அன்றாடம் போய் வருகிறார். அதிகாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிள். பேச்சுக்கிடையில், "கப்பல் தண்ணிய பாத்துச்சா டீச்சர்?" என்று கேட்டார். மே மாதம் இறக்கினார்கள் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "முன்பக்கத்துல கீழ் அறையில நான் வச்ச வெல்டிங் இருக்கு," என்றார்.

அதன்பிறகுதான் அழைத்த காரணத்தைச் சொன்னார். மகனுக்கு இப்போது பதினான்கு வயது, எஸ்.பி.எம். முடித்ததும் கடற்படையில் சேர வேண்டும் என்கிறானாம். தாயார் அழுகிறாராம். "நீங்க என்ன டீச்சர் சொல்றீங்க?" என்றார். என்னிடம் உடனடி விடை இல்லை. கணிதத்தையும் மலாயையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சேர்வதற்குரிய தகுதிகளை விசாரித்து அனுப்புகிறேன் என்றேன். அடுத்த தொழில் வழிகாட்டி நாளுக்குத் தளத்திலிருந்து ஒருவரை அழைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.